கல்யாணப் படங்களின் ரா ஃபைல்களை எந்த ஃபார்மேட்டில் வைக்கலாம்?

கல்யாணப் படம் எடுப்பவர்களுக்கு முகூர்த்த நேரத்து வெளிச்சம் பெரிய சோதனை. வீடியோக்காரரின் எல்இடி ஒரு பக்கம், மேலே மஞ்சள் சீரியல் பல்பு, நடுவில் ஓமத் தீ. ஜேபெக்கில் எடுத்தால், வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை கேமராவே முடிவு செய்து படத்தோடு கலந்துவிடும். கேமராவின் சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ரா ஃபைலில் அது வெறும் குறிப்பாகத்தான் இருக்கும், பிறகு நிதானமாக மாற்றிக்கொள்ளலாம். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 14 பிட் ராவில் 16,384. பட்டுப்புடவையின் ஜரிகையும் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியும் ஒரே படத்தில் தெளிவாக நிற்பதற்கு இந்தப் படிகள் வேண்டும்.

அதனால் என் முதல் விதி, கேமரா கொடுத்த ராவை அப்படியே வைத்திருப்பது. நிக்கான் என்றால் என்இஎஃப், கேனான் என்றால் சிஆர்2 அல்லது சிஆர்3, சோனி என்றால் ஏஆர்டபிள்யூ. இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, ஒன்றை வேறு வீட்டில் வைக்கிறேன்.

டிஎன்ஜிக்கு மாற்றலாமா என்று பலரும் கேட்கிறார்கள். அடோபி 2004-இல் வெளியிட்ட பொதுவான ரா ஃபார்மேட் இது. அதன் அமைப்பு விவரம் எல்லோரும் படிக்கும்படி வெளியாகியிருக்கிறது. கேமரா கம்பெனிகளின் சொந்த ஃபார்மேட்டுகளுக்கு அந்த வசதி கிடையாது. டிஎன்ஜி, படத் தரவு கெட்டுவிட்டதா என்று கண்டுபிடிக்கும் சரிபார்ப்பு எண்ணையும் உள்ளேயே வைத்துக்கொள்ளும். அடோபியின் எடிட்டிங் மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில் அதைச் சோதித்துப் பார்க்கலாம். இன்னொரு பயனும் உண்டு. கேனான் 2018-இல் இஓஎஸ் எம்50 கேமராவோடு சிஆர்3-ஐக் கொண்டுவந்தது. ஒரே தடவை காசு கொடுத்து வாங்கிய லைட்ரூம் 6-இல் அது திறக்காது. அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வெர்ட்டரில் மாற்றிக் கொடுத்தால் திறக்கும்.

இவ்வளவு இருந்தும் அசலை அழித்துவிட்டு டிஎன்ஜியை மட்டும் வைக்க எனக்கு மனம் வராது. கேனானின் சொந்த எடிட்டிங் மென்பொருளான டிபிபியும் நிக்கானின் என்எக்ஸ் ஸ்டுடியோவும் அப்படி மாற்றிய டிஎன்ஜியைத் திறப்பதில்லை. அந்தக் கம்பெனியின் நிறம்தான் வேண்டும் என்று பிறகு தோன்றினால் வழியில்லை. பேக்கப்பிலும் ஒரு சங்கதி இருக்கிறது. டிஎன்ஜியில் எடிட் விவரம் ஃபைலுக்குள்ளேயே எழுதப்படும்; ஒரு சின்னத் திருத்தத்துக்கும் முழு ஃபைலையும் மறுபடி நகலெடுக்க வேண்டும். என்இஎஃப் பக்கத்தில் எடிட் விவரத்தை மட்டும் தாங்கி இருக்கும் எக்ஸ்எம்பி ஃபைலோ சில கிலோபைட்தான். ஆனால் ஃபோல்டரை நகர்த்தும்போது அதையும் சேர்த்தே நகர்த்துங்கள், விட்டுவிட்டால் எடிட் எல்லாம் போச்சு.

மாற்றியே தீருவேன் என்பவர்கள் கன்வெர்ட்டரில் லாஸி கம்ப்ரெஷனை (கொஞ்சம் தரவை இழந்து ஃபைலைச் சுருக்குவது) அணைத்துவிடுங்கள். அசல் ராவையும் டிஎன்ஜிக்குள் பொதிந்து வைக்கும் வசதி அதில் இருக்கிறது. ஃபைல் ஏறக்குறைய இரண்டு மடங்காகும், ஆனால் தேவைப்படும்போது அசலை வெளியே எடுக்கலாம். பென்டாக்ஸ், லைகா போன்ற கேமராக்களில் நேரடியாகவே டிஎன்ஜியில் எடுக்க முடியும், அங்கே இந்தக் குழப்பமே இல்லை.

தரம் குறையாமல் எடிட் செய்த படத்தைச் சேமிக்கும் 16 பிட் டிஃப் ஃபார்மேட்டை ஆல்பத்துக்குத் தேர்வான, ஃபோட்டோஷாப்பில் கை வைத்த படங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 24 மெகாபிக்சல் படம் ஒன்று கம்ப்ரெஸ் செய்யாமல் 144 எம்பி வரும். மொத்தக் கல்யாணத்தையும் அப்படி வைத்தால் டிஸ்க் தாங்காது.

வீட்டாருக்கு எஸ்ஆர்ஜிபி (ஃபோனிலும் கம்ப்யூட்டரிலும் வழக்கமான நிற அளவு) ஜேபெக், தரம் 90-க்கு மேல். அது போதும்.

டிஸ்கில் இடம் குறைந்தால் கண் மூடிய படங்களையும் ஆடிய படங்களையும் கழித்துக் கட்டுங்கள். தாலி கட்டும்போது எடுத்த வரிசையில் மட்டும் நான் எதையும் அழிப்பதில்லை. புது டிஸ்குக்கு மாற்றும்போதெல்லாம் பழைய கல்யாணங்களிலிருந்து சில ராவை எடுத்து டார்க்டேபிள், ராதெரபி ஆகிய ரா எடிட்டிங் மென்பொருள்களில் ஒன்றில் திறந்து பார்க்கிறேன். இரண்டும் இலவசம். அவற்றில் திறக்காத ஃபார்மேட் ஏதாவது அகப்பட்டால், அந்த கேமராவின் படங்களுக்கு மட்டும் அசலோடு ஒரு டிஎன்ஜியும் போட்டு வைத்துவிடுவேன்.