சர்வர் பதில் சொல்லவில்லையா? எர்ரர் வரியைப் படித்துவிட்டு ரீஸ்டார்ட் பட்டனைத் தொடுங்கள்

"அண்ணே, சர்வர் போயிருச்சு" என்று கடையில் இருக்கும் தம்பி போனில் சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, "டேலி ஓடுதாப்பா?" என்பதுதான். "அது ஓடுதுண்ணே" என்று பதில் வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. போனது சர்வர் இல்லை, பிரவுசரில் திறக்கும் அதன் நிர்வாகப் பக்கம் மட்டும்தான். அந்தப் பக்கத்தைத் தரும் சர்வீஸ் வேறு, உள்ளே தனிக் கம்ப்யூட்டர் போல ஓடும் விஎம் (விர்ச்சுவல் மெஷின்) வேறு. ஒன்று விழுந்தாலும் மற்றது பாட்டுக்கு ஓடும். இது தெரியாமல் பவர் பட்டனை அழுத்தினால், பில் போட்டுக்கொண்டிருக்கும் டேலியையும் சேர்த்துக் கீழே தள்ளிவிடுவோம்.

மதுரை மாசி வீதிகளைச் சுற்றியுள்ள மொத்தக் கடைகள், கப்பலூர் சிட்கோ பக்கத்துச் சின்னத் தொழிற்சாலைகள் என்று நான் பார்த்துக்கொள்ளும் இடங்களில் எல்லாம் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். மாடிப்படிக்குக் கீழே ஒரு டவர் சர்வர், அதில் விஎம்களை ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருள், அதற்குள் டேலிக்கு ஒரு விண்டோஸ் சர்வர், பைல் ஷேருக்கு ஒரு லினக்ஸ். சில இடங்களில் பிராக்ஸ்மாக்ஸுக்குப் பதில் அதே வேலையைச் செய்யும் விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ. 2024 பிப்ரவரியில் அதன் இலவசப் பதிப்பை நிறுத்தியபோது பலர் பிராக்ஸ்மாக்ஸுக்கு மாறினார்கள். 2025 ஏப்ரலில் இலவசப் பதிப்பு திரும்ப வந்தும், மாறியவர்கள் திரும்பிப் போகவில்லை. அதனால் இங்கே பிராக்ஸ்மாக்ஸை வைத்தே சொல்கிறேன். முறை எல்லாவற்றுக்கும் பொதுதான்.

முகவரியை ஒருமுறை சரிபாருங்கள். பிராக்ஸ்மாக்ஸுக்கு எச்டிடிபிஎஸ் வேண்டும், கடைசியில் 8006 போர்ட் வேண்டும். ஈஎஸ்எக்ஸ்ஐக்குப் போர்ட் 443 என்பதால் தனியாக அடிக்க வேண்டியதில்லை. முகவரி சரி என்றால் அடுத்தது பிரவுசர் காட்டும் எர்ரர் வரி. யாரும் அதைப் படிப்பதில்லை, எல்லோரும் "வரலை" என்று மட்டும்தான் சொல்கிறார்கள். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அடித்தவுடனே வந்ததா, கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு வந்ததா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

"ரெஃப்யூஸ்டு" என்று சட்டென வந்தால் அது நல்ல செய்தி. கேபிள், ஸ்விட்ச், ஐபி எல்லாம் சரி. சர்வர் உயிரோடு இருந்துதான் "அந்தப் போர்ட்டில் ஆள் இல்லை" என்று சொல்கிறது. எஸ்எஸ்எச் (வேறு கம்ப்யூட்டரிலிருந்து கட்டளை அடிக்கும் வழி) மூலமாகவோ, மானிட்டரும் கீபோர்டும் மாட்டியோ உள்ளே போய், நிர்வாகப் பக்கத்தைத் தரும் பிவிஇபிராக்ஸி என்ற சர்வீஸின் நிலையை சிஸ்டம்சிடிஎல் கட்டளை கொண்டு பாருங்கள். வெறுமனே நின்றிருந்தால் அதையும் அதன் கூட்டாளி சர்வீஸான பிவிஇடீமனையும் ரீஸ்டார்ட் செய்தால் போதும். விஎம்கள் அசையாது, பட்டப்பகலில் தைரியமாகச் செய்யலாம். ஈஎஸ்எக்ஸ்ஐயில் இதே நோய் பெரும்பாலும் 503 என்ற எண்ணோடு வரும். சர்வர் திரையில் எஃப்2 அழுத்தி, டிரபுள்ஷூட்டிங் பகுதிக்குள் போய், மேனேஜ்மென்ட் ஏஜென்ட்களை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ரீஸ்டார்ட் செய்தும் பிவிஇபிராக்ஸி எழும்பவில்லை என்றால் லாகைப் படியுங்கள். லோக்கல் பிரைவேட் கீயைப் படிக்க முடியவில்லை என்று ஒரு வரி இருக்கும். உடனே சர்டிபிகேட்டை நோண்டக் கிளம்பிவிடாதீர்கள். அந்தக் கீ இருப்பது ஈடிசி-க்குள் உள்ள பிவிஇ போல்டரில். அது சாதாரண போல்டர் இல்லை, பிவிஇ-கிளஸ்டர் என்ற இன்னொரு சர்வீஸ் ஓடினால்தான் அதற்குள் ஏதாவது தெரியும். அந்த சர்வீஸ் ஏன் ஓடவில்லை? நான் பார்த்த வரையில் காரணம் பெரும்பாலும், எந்தப் பெயருக்கு எந்த ஐபி என்று எழுதிவைத்திருக்கும் ஹோஸ்ட்ஸ் பைல். யாரோ சர்வருக்குக் கடைப் பெயரை வைத்திருப்பார்கள், ஹோஸ்ட்ஸ் பைலில் பழைய பெயரே இருக்கும். அல்லது பெயருக்கு நேராக 127 என்று தொடங்கும் முகவரி இருக்கும். சர்வரின் பெயருக்கு நேராக அதன் உண்மையான ஐபியை எழுதி, பிவிஇ-கிளஸ்டரை முதலிலும் பிவிஇபிராக்ஸியை அடுத்தும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். வரிசை முக்கியம்.

இதே ஹோஸ்ட்ஸ் பைல் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். இன்டர்நெட் கம்பெனியை மாற்றுவார்கள், புது ரவுட்டர் வரும். 192.168.1 என்று இருந்த நெட்வொர்க் 192.168.0 ஆகிவிடும். சர்வரின் ஐபியையும் சரியாக மாற்றிவிடுவார்கள். ஆனால் சர்வர் திரையில் "இந்த முகவரிக்குப் போங்கள்" என்று காட்டும் வரவேற்பு வரி, ஹோஸ்ட்ஸ் பைலில் உள்ளதை அப்படியே எடுத்துக் காட்டுவது. அங்கே பழைய ஐபி இருந்தால் பழையதைத்தான் காட்டும். திரையை நம்பி அதையே அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உண்மையான ஐபி வேண்டுமென்றால் லாகின் செய்து ஐபி-ஏ கட்டளையைக் கேளுங்கள்.

பக்கம் வருகிறது, பாஸ்வேர்டும் சரி, ஆனாலும் லாகின் ஆகவில்லை என்றால் டிஎஃப் கட்டளையால் டிஸ்க்கைப் பாருங்கள். ரூட் பார்ட்டிஷன் (பிராக்ஸ்மாக்ஸ் இருக்கும் பகுதி) நிரம்பியிருக்கலாம். நம்ம ஊர்க் கடைகளில் இதற்குக் காரணம் பேக்கப்புக்காகச் செருகியிருக்கும் யுஎஸ்பி டிஸ்க். கூட்டுகிறவர் கை பட்டோ, கரண்ட் போய் வந்தோ அது கழன்றிருக்கும். பேக்கப் வேலைக்கு அதெல்லாம் தெரியாது. டிஸ்க் இருக்க வேண்டிய காலி போல்டரிலேயே ராத்திரி ராத்திரி எழுதிக்கொண்டே போகும். டிஸ்க் மவுன்ட் ஆகவில்லை (அந்த போல்டரோடு இணையவில்லை) என்பதை உறுதிசெய்துகொண்டு அந்த போல்டரில் சேர்ந்ததை அழியுங்கள், பிறகு டிஸ்க்கை மவுன்ட் செய்யுங்கள். அந்த ஸ்டோரேஜுக்கு இஸ்-மவுன்ட்பாயின்ட் என்ற அமைப்பை "யெஸ்" என்று வைத்துவிட்டால், டிஸ்க் இல்லாத நாளில் பேக்கப் எர்ரர் காட்டி நின்றுவிடும், ரூட்டை நிரப்பாது. நிறையப் பேர் இந்த அமைப்பைத் தொடுவதே இல்லை.

சரி, ரொம்ப நேரம் சுற்றிவிட்டு "டைம்ட் அவுட்" என்று வந்தால்? நீங்கள் அனுப்பியது போய்ச் சேரவில்லை, அல்லது போன இடத்தில் யாரோ சத்தமில்லாமல் விழுங்கிவிட்டார்கள். சர்வரின் பின்னால் நெட்வொர்க் போர்ட்டில் லைட் எரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எரியவில்லை என்றால் கேபிள் அல்லது ஸ்விட்ச். மின்வாரியப் பராமரிப்பு நாளில் சர்வர் யுபிஎஸ்ஸில் தாக்குப்பிடிக்கும், சாதாரண பிளக்கில் மாட்டிய ஸ்விட்ச் போய்விடும். ஸ்விட்ச்சையும் யுபிஎஸ்ஸிலேயே மாட்டச் சொல்லி நானும் வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

லைட் எரிகிறது, ஆனால் ஒரு நேரம் வருகிறது ஒரு நேரம் வரவில்லை என்றால் எனக்கு முதல் சந்தேகம் ஐபி மோதல்தான், அதாவது இரண்டு கருவிகளுக்கு ஒரே ஐபி. விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் காலை பத்து மணி வரை எல்லாம் ஒழுங்காக ஓடும், அதற்கு மேல் டேலி விட்டுவிட்டு அறுந்துகொண்டே இருக்கும். மதியம் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் டேலியை விட்டு வெளியே வரச் சொல்லிவிட்டு, சர்வரின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றி, அதே ஐபிக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) அடித்தேன். பதில் வந்தது! ஷோரூம் திறந்ததும் ஆன் செய்கிற சிசிடிவி பெட்டிக்கு, மாட்டியவர் அதே ஐபியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கேபிளைக் கழற்ற முடியாத நேரமென்றால், விண்டோஸில் ஏஆர்பி பட்டியலை (எந்த ஐபி எந்தக் கருவியிடம் என்ற பட்டியல்) பார்த்து, அந்த ஐபிக்கு நேராக உள்ள மேக் முகவரி (நெட்வொர்க் போர்ட்டின் அடையாள எண்) சர்வருடையதுதானா என்று ஒப்பிடுங்கள். நிரந்தரத் தீர்வு: சர்வருக்குக் கொடுத்த ஐபி, ரவுட்டர் தானாகப் பங்கிடும் வரிசைக்கு வெளியே இருக்க வேண்டும்.

புதிதாக ஒரு கார்டு செருகிய மறுநாளே நெட்வொர்க் போனால், போர்ட்டின் பெயர் மாறியிருக்கும். இஎன்பி3எஸ்0 என்று இருந்தது இஎன்பி4எஸ்0 ஆகிவிடும். விஎம்களை நெட்வொர்க்கோடு இணைக்கும் விஎம்பிஆர்0 பிரிட்ஜோ பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். இன்டர்ஃபேசஸ் பைலில் பிரிட்ஜ்-போர்ட்ஸ் வரியில் புதுப் பெயரைப் போட்டு ஐஎஃப்ரீலோட் கொடுங்கள். கடைக்குள் இருந்து வருகிறது, வெளியிலிருந்து விபிஎன் வழியாக மட்டும் வரவில்லை என்றால், சமீபத்தில் யாராவது பிராக்ஸ்மாக்ஸின் ஃபயர்வாலை ஆன் செய்தார்களா என்று கேளுங்கள். அது உள்ளூர் நெட்வொர்க்கிற்கு நிர்வாகப் போர்ட்டைத் தானாகத் திறந்துவிடும், வேறு நெட்வொர்க்கிலிருந்து வருபவரை நீங்கள் சேர்த்தால்தான் விடும்.

சர்டிபிகேட் எச்சரிக்கை முதல்முறை வருவது இயல்பு, சர்வரே தயாரித்துக்கொண்ட சர்டிபிகேட் அது. இத்தனை நாள் இல்லாமல் இன்று புதிதாக, இன்னும் செல்லுபடியாகவில்லை என்று வந்தால், பக்கத்தைத் திறக்கும் கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள். அதன் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து கடிகாரம் பின்னால் போயிருக்கும். சர்வரின் கடிகாரம் அப்படிப் பின்னால் போனால், லாகினுக்கு மொபைல் ஆப்பில் வரும் ஆறு இலக்க எண்ணை ஏற்காது. சிஆர்2032 பேட்டரி கிட்டத்தட்ட எல்லா எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும்.

இனி மறுபக்கம்: நிர்வாகப் பக்கம் வருகிறது, விண்டோஸ் விஎம்முக்கு மட்டும் ரிமோட் டெஸ்க்டாப் கிடைக்கவில்லை. பிங் அடித்து முடிவுகட்டாதீர்கள், விண்டோஸ் ஃபயர்வால் பல நேரம் பிங்கைத் தடுத்தே வைத்திருக்கும். பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கொண்டு 3389 போர்ட்டைச் சோதியுங்கள். கிடைக்கவில்லை என்றால் பிராக்ஸ்மாக்ஸின் கன்சோல் வழியாக விஎம்முக்குள் போங்கள். ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு நெட்வொர்க் வகை "பப்ளிக்" என்று மாறியிருந்தால் "பிரைவேட்" ஆக்குங்கள், பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடும். உபுண்டு விஎம்மை குளோன் (நகல்) செய்த பிறகு குழப்பம் என்றால், இரண்டிலும் ஒரே மெஷின்-ஐடி (அந்த விஎம்மின் அடையாள எண்) இருந்து ரவுட்டர் ஒரே ஐபியைக் கொடுத்திருக்கலாம். குளோனில் அதை அழித்துப் புதிதாக உருவாக்குங்கள்.

வீட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காக 8006-ஐ இன்டர்நெட்டில் திறந்துவிடாதீர்கள். ரவுட்டரின் வெளி ஐபி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் திறந்தும் பயனில்லை, அது பலர் பங்கிட்டுக்கொள்ளும் முகவரி. டெயில்ஸ்கேல் மாதிரி ஒரு விபிஎன்னைப் போட்டால் அந்தச் சிக்கலைத் தாண்டிவிடும். சொந்தமாக வயர்கார்டு விபிஎன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனித் தலைவலி உண்டு. பிங் போகும், லாகின் பக்கம் பாதி வந்து அப்படியே நிற்கும். பாக்கெட் அளவு பெரிதாக இருப்பதுதான் காரணம். வயர்கார்டு அமைப்பில் எம்டியு (பாக்கெட்டின் உச்ச அளவு) மதிப்பை 1280 ஆக்கிவிட்டு, டனலை (அந்த விபிஎன் இணைப்பை) ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்து பாருங்கள்.