கிரப் மெனுவிலிருந்தே பழைய நிலைக்குத் திரும்பினேன்

அப்டேட் முடிந்து ரீபூட் செய்ததும் லினக்ஸில் லாகின் திரை வரவில்லை. கறுப்புத் திரையில் கர்சர் மட்டும். சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷன், ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் நகல்) எடுக்க வசதியுள்ள பிடிஆர்எஃப்எஸ் (Btrfs) கோப்பு முறைமை என்பதாலும், ஒவ்வொரு அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் ஸ்னாப்பர் என்ற கருவி தானாகவே ஸ்னாப்ஷாட் எடுப்பதாலும் மீட்புக்கான யுஎஸ்பி எதையும் தேடவில்லை.

கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் ஸ்னாப்ஷாட் பட்டியலைத் திறந்து, அப்டேட்டுக்கு முந்தையதைத் தேர்ந்தெடுத்தேன். டெஸ்க்டாப் வந்துவிட்டது.

இதோடு நிறுத்திவிடக் கூடாது. இப்படி பூட் ஆவது படிக்க மட்டுமே முடிகிற நகல். அதில் எதையும் நிறுவ முடியாது. அடுத்த ரீபூட்டில் பழுதான சிஸ்டமே திரும்ப வரும். எல்லாம் ஓடுகிறதா என்று நிதானமாகப் பார்த்த பிறகு, டெர்மினலில் ரூட் (நிர்வாகி) உரிமையோடு 'ஸ்னாப்பர் ரோல்பேக்' கொடுத்தேன். பழுதான நிலையையும் அது ஒரு ஸ்னாப்ஷாட்டாகப் பத்திரப்படுத்துகிறது. பிறகு, நாம் பூட் செய்த நகலிலிருந்து எழுதக்கூடிய புதிய ஒன்றை உருவாக்கி, இனி பூட் ஆக வேண்டியது அதுதான் என்று அமைக்கிறது. மறுபடி ரீபூட், சரியாகிவிட்டது.

என் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்புறை தனி சப்வால்யூம், அதாவது ரூட்டின் ஸ்னாப்ஷாட்டில் சேராத தனிப் பகுதி. அதனால் அன்று எழுதிய கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. உங்கள் கணினியிலும் அப்படித்தானா என்று இன்றே பாருங்கள்.

பூட் கோப்புறை தனிப் பார்ட்டிஷனில் இருந்தால் சிக்கல் வரலாம். சிஸ்டத்தின் மையமான கெர்னல் அங்கே இருப்பதால் ஸ்னாப்ஷாட்டுக்குள் சேராது. புதிய கெர்னலுக்கு உரிய மாட்யூல்கள் (கெர்னலின் துணைக் கோப்புகள்) பழைய ஸ்னாப்ஷாட்டில் இல்லாமல் பூட் பாதியில் நின்றுவிடும். என் கணினியில் பூட் கோப்புறை ரூட்டுக்குள்ளேயே இருக்கிறது. அப்படி வைப்பதையே நான் பரிந்துரைப்பேன்.