தன்னார்வலர்களைப் பாராட்ட ஆண்டு விழா வரை காத்திருக்க வேண்டாம்

அரிமா சங்கங்களிலும் ரோட்டரி சங்கங்களிலும் நிர்வாக ஆண்டு ஜூலை 1 அன்று தொடங்கி ஜூன் 30 அன்று முடிவதால், தன்னார்வலர்களைப் பாராட்டும் வேலையை ஆண்டிறுதி விழாவுக்கோ, டிசம்பர் 5 அன்று வரும் பன்னாட்டுத் தன்னார்வலர் நாளுக்கோ பலர் ஒத்திவைத்துவிடுகிறார்கள். ஆனால், கண் சிகிச்சை முகாம் முடிந்த மறுநாளே சொல்லப்படும் நன்றிக்குத்தான் மதிப்பு அதிகம்.

அந்த நன்றியில் செய்த வேலை தெளிவாக இடம்பெற வேண்டும். "அனைவருக்கும் நன்றி" என்ற பொதுவான வரியைவிட, "பதிவு மேசையில் காலை முதல் அமர்ந்து, எழுத்தைப் படிக்கச் சிரமப்பட்ட முதியவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தீர்கள், அதனால்தான் வரிசை தேங்காமல் நகர்ந்தது" என்று எழுதும் இரண்டு வரிகள் நெடுநாள் மனத்தில் நிற்கும். இதற்காக, யார் எதைச் செய்தார் என்பதை முகாம் நடக்கும்போதே செயலாளர் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொள்வது நல்லது. நாற்காலி அடுக்கியவர், சொட்டு மருந்து போட்டபின் பார்வை மங்கியவர்களைக் கைபிடித்து அழைத்துச் சென்றவர் என மேடைக்கே வராதவர்களின் பெயர்கள் கட்டாயம் அதில் இருக்க வேண்டும். பொன்னாடை முழுவதும் சிறப்பு விருந்தினர்களுக்கே போய்ச் சேருவது எனக்கு உடன்பாடானதன்று.

கல்லூரி மாணவர்களுக்கு, பணியாற்றிய நாளையும் செய்த வேலையையும் குறிப்பிட்டுத் தலைவர் கையொப்பமிட்ட கடிதம் கொடுத்தால், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அது பயன்படும். மேடையேறக் கூச்சப்படுபவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, அவர்கள் விரும்பினால் வீட்டுக்கே சென்று, குடும்பத்தினர் முன்னிலையில் நன்றி தெரிவிக்கலாம்.