குறைந்த ஒட்சிசனில் புற்றுநோய்க் கலங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பிலுள்ள எங்கள் ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வரும் மாணவர்கள், நான் முன்பு விட்ட பிழைகளையே வரிசை மாறாமல் விடுகிறார்கள். கலங்களை வளர்க்கும் தட்டில் பெயரெழுத மறப்பது போன்றவை தாமாகத் திருந்தும் என்பதால் அவற்றை விடுகிறேன்.

வார்பேர்க்கை எல்லாவற்றுக்கும் இழுத்தல்

ஒட்டோ வார்பேர்க் 1920களில் கவனித்தது, ஒட்சிசன் போதியளவு இருந்தும் புற்றுநோய்க் கலங்கள் குளுக்கோசை இலத்திக்கமிலமாக்குவதை. ஒட்சிசன் இல்லாமையால் அவ்வாறு செய்வது வேறு கதை.

தட்டை வெளியே எடுத்துச் செல்லுதல்

ஒட்சிசன் இருக்கும்போது ஹிஃப்-1 அல்ஃபா என்னும் புரதத்தை நொதியங்கள் ஐதரொட்சில் கூட்டத்தைச் சேர்த்துக் குறியிட, விஎச்எல் புரதம் அதைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிவிடுகிறது. ஒட்சிசன் குறைந்தால் அது அழியாமல் தேங்கி, குளுக்கோசுக் கடத்திகளையும் குளுக்கோசை உடைக்கும் கிளைக்கோப்பகுப்பு நொதியங்களையும் பெருக்குவதோடு, பிடிகே1 நொதியத்தைக் கூட்டி, பைருவேற்று இழைமணியில் எரிக்கப்படுவதையும் மட்டுப்படுத்துகிறது. 2019ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற இந்தப் பொறிமுறையை மாணவர்கள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஆனால் காற்றுப் பட்டதும் அப்புரதம் ஏறக்குறைய 5 நிமிடங்களில் பாதியாகிவிடும் என்பது தட்டைக் கையில் எடுக்கும்போது மறந்துபோகிறது.

நானும் ஒட்சிசன் குறைந்த மூடிய வளர்ப்பறையில், 1 சதவீத ஒட்சிசனில் 24 மணித்தியாலம் வைத்த தட்டைப் பனிக்கட்டி இருந்த அடுத்த அறைக்குக் கொண்டுபோனேன். நடைபாதையில் நின்று கதைத்தும் விட்டேன். புரதத்தைப் பட்டையாகக் காட்டும் வெஸ்ரேண் புளொட்டில் பட்டையே இல்லை. அதில் புரதத்தை இனங்காணும் பிறபொருளெதிரி பழுதென்று முடிவுகட்டி, புதியதை வெளிநாட்டிலிருந்து தருவித்து, அது சுங்கத்தில் கிடந்து வந்து சேரும்வரை காத்திருந்து, மீண்டும் அதே நடைபாதையால் நடந்தேன். எங்கள் மூத்த ஆய்வாளர் அக்கா ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, தட்டு எத்தனை நிமிடம் வெளியே இருந்தது?" என்று மட்டும் கேட்டார். கலங்களை உடைக்கும் கரைசலைக் குளிரவைத்து வளர்ப்பறைக்குள்ளேயே கொண்டுபோய், அங்கேயே ஊற்றவேண்டும். இதைச் சுவரில் ஒட்டியும் பார்த்துவிட்டேன். சென்ற மாதமும் ஒருவர் தட்டோடு நடந்து போனார்.

ஊடகத்தை நேரே ஊற்றுதல்

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த ஊடகத்தில், அதாவது கலங்களுக்கான ஊட்டத் திரவத்தில், காற்றின் ஒட்சிசன் கரைந்திருக்கும். அது வெளியேற மணித்தியாலங்கள் எடுக்கும். முதல் நாளிரவே ஊடகத்தை வளர்ப்பறைக்குள் வையுங்கள்.

கோபால்ற்றுக் குளோரைட்டை நம்புதல்

ஒட்சிசன் குறைவைப் போலியாக உண்டாக்கச் சிலர் இடும் இந்த இரசாயனம் ஹிஃப்பை நிலைநிறுத்தும், ஒட்சிசனைக் குறைக்காது.

குளுக்கோசை மட்டும் அளத்தல்

கொழுப்பு ஆக்கத் தேவையான சித்திரேற்றைக் குளுட்டமின் என்னும் அமினோவமிலத்திலிருந்தும் செய்துகொள்ளும் கலங்கள் இவை. குளுட்டமினையும் அளவிடுங்கள்.