டிஜிட்டல் பல் லேபில் பைட் பொருந்தவில்லையா? கிரவுனைத் தொடும் முன் செய்ய வேண்டியவை

கீழ்த்தாடையின் இடது முதல் கடைவாய்ப்பல்லுக்கு, அதாவது 36 என்ற எண் கொண்ட பல்லுக்கு, ஒரு சிர்கோனியா கிரவுன் (செதுக்கிய பல்லின் மேல் பொருத்தும் பீங்கான் உறை) கேட்டு, பல் மருத்துவரிடமிருந்து வாயின் ஸ்கேன்களோடு ஆர்டர் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மேல்தாடை ஸ்கேனும் கீழ்த்தாடை ஸ்கேனும் கடித்த நிலையில் இணைந்தே வந்துவிடுவதால், புதிதாகப் பழகுபவர்கள் அதை அப்படியே நம்பி டிசைனைத் தொடங்கிவிடுகிறார்கள். பைட், அதாவது இரு தாடைகளும் கடித்துச் சேரும் நிலை, தவறியிருந்தால், எவ்வளவு நேர்த்தியாக வடிவமைத்த கிரவுனும் வாயில் உயரமாக நிற்கும்; மருத்துவர் அதைத் தேய்த்துத் தேய்த்து மெலிய வைக்க நேரிடும். ஆகவே பிழை தாடை ஸ்கேனில் இருக்கிறதா, பைட் ஸ்கேனில் இருக்கிறதா, இரண்டையும் பொருத்திய விதத்தில் இருக்கிறதா என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் படி: கிரவுனுக்காகச் செதுக்கப்படாத மற்ற பற்களைப் பாருங்கள். மேல், கீழ்ப் பற்களுக்கு இடையிலான தூரத்தை வண்ணமாகக் காட்டும் வசதியை இயக்குங்கள். இருபுறமும் கடைவாய்ப்பற்களில் சிறு சிறு தொடுபுள்ளிகள் தெரிந்தால் மேலே செல்லலாம். எல்லாப் பற்களுக்கும் நடுவில் சீரான இடைவெளி தெரிந்தால், நோயாளி முழுமையாகக் கடிக்காமல் இருந்திருக்கலாம். ஊசி போட்டு வாய் மரத்திருக்கும்போது இது எளிதில் நடக்கும். திரையில் ஒரு பக்கப் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று புதைந்தும் மறுபக்கம் திறந்தும் இருந்தால், தாடை சாய்ந்து பொருந்தியிருக்கிறது. மிக லேசான புதைவைக் கண்டு அஞ்ச வேண்டாம். இறுகக் கடிக்கும்போது பல் தன் வேர்ச்சவ்வில் சற்றே அமிழும்; வாய் திறந்திருக்கையில் ஸ்கேன் செய்த பல்லில் அந்த அமிழ்வு பதிவாகியிருக்காது. புதைவே இல்லாமல் துடைத்தாற்போல் இருக்கும் மாடலைத்தான் நான் கூடுதலாகச் சந்தேகிப்பேன், ஏனெனில் சில மென்பொருள்கள் புதைவை நீக்க மாடலைத் தானாகவே விலக்கி வைக்கின்றன.

இரண்டாம் படி: கன்னப்பக்கம் எடுத்த பைட் ஸ்கேனைத் தனியே திறந்து, மேல்தாடையின் மீது வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் வெவ்வேறு நிறம் கொடுத்தால், சரியாகப் பொருந்திய இடத்தில் இரு நிறங்களும் புள்ளி புள்ளியாகக் கலந்து தெரியும். ஒரே நிறம் திட்டாக மேலே படர்ந்திருந்தால் அங்கே பொருத்தம் விலகியிருக்கிறது. கீழ்த்தாடைக்கும் இதையே செய்யுங்கள்.

விலகல் தெரிந்தால் மீண்டும் பொருத்த வேண்டும். பைட் ஸ்கேனில் கன்னம், ஈறு, எச்சில் படிந்த பகுதி ஆகியவற்றை வெட்டி நீக்கிவிட்டுப் பல்லை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அசையக்கூடிய சதையோடு பொருத்தினால் கணக்கு தவறும். பிறகு ஒரே கோட்டில் அமையாத, ஒன்றுக்கொன்று தள்ளியுள்ள மூன்று புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, முதலில் மேல்தாடையை பைட்டோடு பொருத்திப் பூட்டிவிட்டு, அதன் பின்னரே கீழ்த்தாடையைப் பொருத்துங்கள்.

வலது பைட்டும் இடது பைட்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லையென்றால், தாடை ஸ்கேனே வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். முழுத் தாடை ஸ்கேன் என்பது சிறு சிறு படங்களை ஒட்டி உருவாவதால், சிறு பிழைகள் மறுமுனை வரை சேர்ந்துகொண்டே போகும். ஒற்றைக் கிரவுனுக்கு, வேலை நடக்கும் பக்கத்தை மட்டும் வெட்டியெடுத்து அங்கேயே பொருத்துவது பலனளிக்கும். ஆனால் செதுக்கிய பல், வரிசையின் கடைசிப் பல்லாக இருந்தால் இந்த வழி கூடாது. அதற்குப் பின்னால் தாங்கும் பல் இல்லாததால் மாடல் அங்கே எளிதில் சாய்ந்துவிடும்.

பொருத்திய பிறகு, திரையில் தெரியும் தொடுபுள்ளிகள் வாயிலும் உள்ளனவா என்று மருத்துவரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். ஷிம்ஸ்டாக் எனும், கடியைச் சோதிக்கும் 8 மைக்ரான் மெல்லிய தாளை எந்தப் பற்கள் இறுகப் பிடிக்கின்றன என்ற தகவலும், கடி மை பதிந்த ஒரு புகைப்படமும் போதும். திரையில் தெரிவதும் வாயில் உள்ளதும் முரண்பட்டால், ஊகித்துக் கிரவுனின் உயரத்தைக் குறைக்காமல், இருபுறமும் கோரைப்பல் முதல் கடைசிக் கடைவாய்ப்பல் வரை, ஊசி போடுவதற்கு முன்பே, பின்பற்களை இறுகக் கடிக்கச் செய்து புதிய பைட் ஸ்கேன் எடுத்து அனுப்பும்படி எழுதுங்கள்.