ரோபோ சீறிக் கிளம்ப மாட்டேன் என்கிறதா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

எஃப்.ஆர்.சி. (FIRST Robotics Competition) என்ற பள்ளி மாணவர்களுக்கான ரோபோ போட்டிக்கு முதல்முறை ரோபோ கட்டுபவர்கள், வண்டி மந்தமாகக் கிளம்பினால் உடனே பெரிய மோட்டாரைத் தேடுவார்கள். பல சமயம் மோட்டார்மேல் குற்றமே இருக்காது.

படி 1: பேட்டரி, பம்பர் எல்லாம் மாட்டி நிறுங்கள். போட்டியின் எடை வரம்பில் பல ஆண்டுகளாக இவை இரண்டும் சேர்வதில்லை. ஆனால் மோட்டார் இவற்றையும் இழுத்துத்தானே ஆக வேண்டும்! 65 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

படி 2: பிடிமானம். களத்தில் கார்பெட் விரித்திருப்பார்கள். அதே மாதிரி கார்பெட்டில், சக்கரங்கள் சுற்றாதபடி பூட்டி, 100 கிலோ வரை காட்டும் தொங்கு தராசை மாட்டிப் படுக்கைவாட்டில் இழுங்கள். ரோபோ நகரும்போது தராசும் 65 காட்டினால் உராய்வுக் குணகம் (இழுவிசையை எடையால் வகுத்தால் வருவது) 1. அதாவது 65 × 9.8, சுமார் 637 நியூட்டனுக்கு மேல் தள்ளினால் சக்கரம் வழுக்கும். எல்லாச் சக்கரமும் மோட்டாரோடு இணைந்திருந்தால்தான் இந்தக் கணக்கு. சும்மா உருளும் சக்கரத்தின் மேலுள்ள எடை பிடிமானத்துக்கு உதவாது.

படி 3: மோட்டார். இந்தப் போட்டியில் பலரும் பயன்படுத்தியிருக்கும் சிம் (CIM) என்ற மோட்டார் நின்ற நிலையில் தரும் டார்க், அதாவது சுழற்றும் விசை, 2.41 நியூட்டன் மீட்டர். நான்கு மோட்டார், 10.71 கியர் விகிதம் (மோட்டார் 10.71 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று), 6 அங்குலச் சக்கரம் (ஆரம் 0.076 மீட்டர்) என்றால்:

4 × 2.41 × 10.71 ÷ 0.076 = சுமார் 1,350 நியூட்டன்

கியர் உராய்வில் 15 சதவீதம் போனாலும் 1,150 கையில் இருக்கும்.

படி 4: பிடிமான வரம்பு, மோட்டாரின் விசை இரண்டில் சிறியதுதான் ரோபோவைத் தள்ளும். இங்கே 637. மிச்ச டார்க் சக்கரத்தை வீணாகச் சுற்றவிட்டு, பேட்டரியைத் தின்னும். இந்தக் கட்டத்தில் 10 கிலோ குறைத்தாலும் பலனில்லை. எடையோடு பிடிமானமும் குறைவதால் முடுக்கம் (விநாடிக்கு விநாடி வேகம் கூடும் அளவு) அதே 9.8 மீட்டர்/விநாடி²தான்.

அப்படியானால் எடையை ஏன் குறைக்கிறார்கள்? வேகம் ஏற ஏற மோட்டாரின் டார்க் இறங்கும். இந்த ரோபோவில் விநாடிக்கு சுமார் 1.8 மீட்டரைத் தாண்டியதும் மோட்டாரின் விசை 637க்குக் கீழே போய்விடும். எடை குறைந்த ரோபோ அங்கேதான் முந்தும். பேட்டரியின் 12 வோல்ட் அப்படியே நிற்கும் என்று போட்ட கணக்கு இது. முழு வேகத்தில் கிளம்பும்போது வோல்டேஜ் நன்றாகவே இறங்கும், அதனால் அந்த மாற்றம் இன்னும் முன்னதாகவே வரும்.

படி 5: கிளம்பும்போதே சக்கரம் வழுக்கினால் டயரின் மேற்பரப்பை மாற்றுங்கள், மோட்டாருக்குப் போகும் கரண்டுக்கு மென்பொருளில் வரம்பு வையுங்கள். வழுக்காமலே மெதுவாகக் கிளம்பினால் கியர் விகிதத்தைக் கூட்டுங்கள். உச்ச வேகம் கொஞ்சம் குறையும். புது மோட்டார் வாங்குவது அப்புறம்.