இறால் தலையிலிருந்து சிவப்பு எண்ணெய் எடுப்பது எப்படி?

மார்க்கெட்டில் இறால் நிறுத்து முடித்ததும் மீன்கார அக்காவின் கை தானாகத் தலையைக் கிள்ளப் போகும். அதற்குள் சொல்லிவிட வேண்டும்: "அக்கா, முழுசாவே போடுங்க, நான் ஆய்ஞ்சுக்கிறேன்."

இறாலில் இருக்கும் அஸ்டாக்சாந்தின் என்ற சிவப்பு நிறமி நல்ல ஆன்டிஆக்சிடன்ட். கேரட்டுக்கு நிறம் தரும் கரோட்டினுக்கு உறவுக்கார நிறமி. சதையைவிடத் தலையிலும் ஓட்டிலும்தான் அதிகம். பச்சை இறாலில் அது ஒரு புரதத்தின் பிடியில் இருப்பதால் ஓடு சாம்பலாகத் தெரிகிறது. சூடு பட்டதும் புரதம் குலைந்து சிவப்பு வெளிப்படுகிறது. ஆனால் அது கரைவது எண்ணெயில்தான், தண்ணீரில் இல்லை. ஓட்டை வெறும் தண்ணீரில் கொதிக்கவிட்டால் ருசி இறங்கும், சிவப்பு பெரும்பாலும் ஓட்டிலேயே தங்கிவிடும்.

அரை கிலோ இறாலின் தலையும் ஓடும் போதும். தலைதான் முதலில் கெடும், அதனால் வாங்கிய அன்றே செய்துவிடுங்கள். கருத்து, நாற்றம் வந்த தலை வேண்டவே வேண்டாம். கண், மீசை, நெற்றி முள்ளை வெட்டிவிட்டு அலசி, ஈரம் போகத் துடையுங்கள். இல்லையென்றால் எண்ணெய் முகத்தில் தெறிக்கும்.

அடிகனமான சட்டியில் ஆறு மேசைக்கரண்டி கடலை எண்ணெய். லேசாகச் சூடானதும் தலை, ஓடு, தட்டிய பூண்டு நாலு பல். தீ சிம்மிலேயே இருக்கட்டும். கரண்டியின் பின்பக்கத்தால் ஒவ்வொரு தலையையும் நசுக்குங்கள். நசுக்க நசுக்க ஓரத்தில் ஆரஞ்சு நிறம் கசியும், பிறகு சட்டி முழுக்கப் பரவும். பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் ஓடு கருகிக் கசக்கும், நிறமியும் சிதையும். சூட்டோடு வடிகட்டி, சக்கையை அழுத்திப் பிழியுங்கள். அந்தச் சக்கையில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்தால் ரசத்துக்கு நல்ல சாறு கிடைக்கும்.

இந்த எண்ணெயை இறால் தொக்கு இறக்கும்போது கடைசியில் ஊற்றுவேன். சுடுசோற்றில் உப்போடு பிசைந்தாலும் அருமை. இதை மருந்து என்று நினைத்துக் குடிக்காதீர்கள், எண்ணெய் எண்ணெய்தான்.

வெளிச்சமும் காற்றும் இந்த நிறமிக்கு ஆகாது. சின்னப் பாட்டிலில் மூடி, ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டில் இருந்தால் அந்தச் சட்டியையும் கரண்டியையும் நன்றாகக் கழுவாமல் அவர்களுக்குச் சமைக்க எடுக்காதீர்கள்.